அசை போடாத இரவு

என் அயித்தை ஆட்டுப் பட்டியை ஒட்டிக் கயிற்றுக்கட்டிலைப் போட்டுத்தான் படுப்பார். மழைக்காலத்தில் மட்டும் திண்ணைக்கு மாறுவார். திருட்டுப் பயத்துக்காக என்று ஊரில் சொல்வார்கள். அவரைக் கேட்டால், "அசை போடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகள் இருட்டில் படுத்துக்கொண்டு ஒருசேர அசை போடுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வறுத்த அரிசியை யாரோ தூரத்தில் மென்றுகொண்டே இருப்பதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தில் ஒன்று குறைந்தால்கூட எழுந்து லாந்தரைத் தூக்கிக்கொண்டு போவார்.

1998இல் அந்தப் பட்டியில் 14 உருப்படிகள் இருந்தன. அவற்றில் 5 ஆடுகள் அயித்தைக்குச் சொந்தமில்லை. வாரத்துக்கு வாங்கி வளர்த்தவை. ஆடு ஒருவருடையது, மேய்ப்பு ஒருவருடையது, குட்டிகளில் பாதிப் பாதி. எங்கள் பக்கம் கையில் முதல் இல்லாத பெண்கள் ஆட்டுக்காரிகளாக ஆனது இந்த வார முறையால்தான். மாமா இறந்த பிறகு அயித்தையும் இரண்டு வாரத்து ஆடுகளில் தொடங்கித்தான் தனக்கென்று ஒன்பதைச் சேர்த்திருந்தார். எங்கள் ஊர் வலையபட்டியில் மழை பெய்தால் விவசாயம். பெய்யாவிட்டால் செம்மண் பொட்டலும் கருவேலங்காட்டு நிழலும் ஆடும்தான்.

நான் அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைந்திருந்தேன். 1996இல் நுழைவுத்தேர்வு எழுதி இடம் கிடைத்தபோது எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. மாடு மேய்ப்பதற்கு ஐந்து வருடமா என்று கேட்டார்கள். நான் பெருமையாகப் பதில் சொல்வேன். சென்னை வேப்பேரியில் 1903இலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள், 1989இல் கால்நடைகளுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது, இந்தியாவிலேயே அதுதான் முதலாவது என்பேன். சிறுவயதில் செட்டிநாடு அரசு கால்நடைப் பண்ணை வேலி ஓரமாகப் போகும்போதெல்லாம் பேருந்தின் சன்னலில் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானம் இறங்கிய அந்தப் பரந்த நிலத்தில் மாடுகள் வரிசையாக நடந்துபோகும். அந்த வேலிக்குள் ஒருநாள் நுழையவேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. விடியற்காலையில் பண்ணைக்குப் போகவேண்டும். சாணி அள்ளுவது, மடியைக் கழுவிக் கறப்பது, கன்றுக்குச் சீம்பால் புகட்டுவது, காதில் எண் பொறிப்பது எல்லாம் கையால் செய்து பழகவேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு கெடும், முழுக்கையால் பிடித்துக் கறக்கவேண்டும் என்றார்கள். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து அதன் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி வகுத்தால் தராசே இல்லாமல் மாட்டின் எடை வரும் என்றார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் தையற்கார நாடா ஒன்றை வைத்துக்கொண்டு தெருவில் கிடைத்த மாட்டையெல்லாம் அளந்தேன். பல்லைப் பார்த்து வயது சொல்வதை மட்டும் எனக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று அயித்தை சந்தையில் எண்ணிச் சொன்னதையேதான் பேராசிரியர் மாதக் கணக்கோடு சொன்னார்.

அந்த ஒற்றுமையைக் கண்டபோது எனக்கு அயித்தைமேல் மரியாதை கூடியிருக்கவேண்டும். கூடவில்லை. இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே புத்தகம்தான் பெரிது என்று முடிவுகட்டினேன். அது தவறென்று காட்டவும் எங்கள் பக்கத்திலேயே சான்று இருந்தது. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளைக் கிடை கிடையாக ஓட்டிவந்து எங்கள் வயல்களில் உரத்துக்காக அடைத்திருக்கிறார்கள். மஞ்சுவிரட்டில் சீறிவரும் காளைகளில் பாதி அந்த வழிதான். என் பாடக்குறிப்பில் காங்கேயமும் உம்பளச்சேரியும் இருந்தன, புலிக்குளம் இல்லை. பின்னாளில்தான் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் அதைத் தனி இனமாகப் பதிவுசெய்தது. கிடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தனி இனமாகத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசை விடுமுறைக்கு வந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. தீபாவளிக்குக் கிடாய்க்கு நல்ல விலை. வியாபாரி வந்து ஆட்டின் முதுகைப் பிடித்து அமுக்கிப் பார்த்து ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அயித்தைக்கு அது போதவில்லை. வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும். "இன்னுங் கொஞ்சம் சதை பிடிச்சா அந்தாளு கேட்ட வெல தருவான் அப்பு" என்றார். அவர் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை, சும்மா சொன்னார். நான்தான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

மேய்ச்சலில் மட்டும் வளரும் ஆடு நாளொன்றுக்கு எத்தனை கிராம் கூடும், அடர்தீவனம் கொடுத்தால் எத்தனை கிராம் கூடும் என்று பெருக்கிக் காட்டினேன். மக்காச்சோளம், பிண்ணாக்கு, தவிடு, தாதுஉப்பு எல்லாம் சேர்த்துக் கலக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் கிடைத்தது அரிசி ஆலைக் குருணைதான். ஒரு மூட்டை வாங்கிவந்தேன். மாவுச்சத்து மாவுச்சத்துதானே என்று நினைத்தேன். ஒரு ஆட்டுக்கு 250 கிராம் போதும் என்று எழுதியிருந்ததை, நாட்கள் குறைவாக இருப்பதால் இரண்டு மடங்காக்கிக்கொண்டேன்.

அயித்தை தொரட்டிக் கம்போடு குழை ஒடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்றார். "ஆடு ஓடி ஓடித் திங்கிற சாதி அப்பு. இங்க ஒரு கடி, அங்க ஒரு கடின்னு போவும். ஒரே எடத்துல கொட்டுனா அதுக்கு நிறுத்தத் தெரியாது" என்றார். "அதெல்லாம் பழைய காலம் அயித்தை. பண்ணையில நாங்க தொட்டியிலதான் போடுறோம்" என்றேன். பண்ணையில் தொட்டியில் போட்டது உண்மைதான். அந்த ஆடுகள் குட்டியிலிருந்தே தொட்டிக்குப் பழகியவை என்பதும், புதிதாக வரும் ஆட்டுக்குப் பண்ணை ஆட்கள் ஒரு பிடி, இரண்டு பிடி என்று ஏற்றிக்கொண்டு போவதும் என் கண்முன்னால் நடந்தவைதான். பார்த்தேன், கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைக் கிலோ கணக்கில் போட்டேன். முண்டியடித்துத் தின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை முக்கால் கிலோ. வலுத்த ஆடுகள் மெலிந்தவற்றை முட்டித் தள்ளிவிட்டு அவற்றின் பங்கையும் தின்றதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்று நள்ளிரவில் அயித்தை என்னை எழுப்பினார். "ஆடு அசை போடல அப்பு."

நான் கண்ணைத் திறக்காமலே, "வயிறு நெறஞ்சிருக்கு அயித்தை, தூங்கட்டும்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அசை போடாத ஆடு நோயுற்ற ஆடு என்பதை முதல் ஆண்டிலேயே படித்துத் தேறியிருந்தேன். இடது விலாவில் உள்ளங்கையை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரள்வது தெரியவேண்டும். அதைச் செய்து காட்டி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எழுந்து பத்தடி நடந்து கையை வைத்திருந்தால் போதும்.

ஞாயிறு விடிந்தபோது ஐந்து ஆடுகள் படுத்துக் கிடந்தன. இரண்டு தள்ளாடின. பல்லை நறநறவென்று கடித்தன. கண் உள்ளே போயிருந்தது. பின்னங்கால் வழியாகக் கூழ் போலக் கழிச்சல், புளித்த மாவு வாடை. இடது வயிறு புடைத்திருந்ததைப் பார்த்ததும் உப்புசம் என்று நானே முடிவுசெய்து, நல்லெண்ணெயை வாங்கிவந்து ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து ஊற்றினேன். உப்புசம் என்றால் தட்டும்போது பறைபோல அதிரும். இது தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும். தட்டிப் பார்க்கவே இல்லை. அதில் இரண்டு மணி நேரம் போயிற்று.

பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவர் விடுமுறை நாள் என்று பார்க்காமல் மொபெட்டில் வந்து இறங்கினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அயித்தையிடம் போய், "நேத்து என்ன தின்னுச்சு, ஆத்தா?" என்று கேட்டார். அயித்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நெல்லு மூட்டை அவுந்து கெடந்துச்சு சார். நான் பாக்கல. தின்னுபுடுச்சுக."

"முழு நெல்லா, குருணையா?"

"நெல்லுதான் சார்."

அவர் சாணியைக் கிளறிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். அயித்தை மறுபடியும் நெல் என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அந்தக் கேள்வி வெறும் கேள்வி இல்லை. உமியோடு இருக்கும் நெல் வயிற்றில் மெதுவாகத்தான் புளிக்கும். உடைந்த குருணை உடனே புளிக்கும். தின்றது எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை வைத்துத்தான் எந்த ஆட்டை முதலில் பார்ப்பது, எவ்வளவு விரைவாக எதைச் செய்வது என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். உண்மை தெரிந்திருந்தால் அவர் வேறு விதமாகச் செய்து ஒன்றிரண்டு ஆடுகளைக் கூடுதலாகப் பிழைக்க வைத்திருப்பாரா? அன்று சொல்லாத காரணத்தால் இன்றும் எனக்கு விடை இல்லை.

அவர் சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டினார், குளுக்கோசும் உப்புநீரும் நரம்பில் ஏற்றினார். என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்து, கறிக்கடைக்குப் போய் அன்று காலையில் வெட்டிய நல்ல ஆட்டின் இரைப்பையைப் பிழிந்து தண்ணீரை வாங்கிவா, சூடு ஆறுவதற்குள் வா என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் கடையில் கூட்டம். பச்சை நிறத்தில் வெதுவெதுப்பாக இருந்த அந்த நீரைத் துணியில் வடிகட்டி வாங்கி, வாளியைத் துண்டால் சுற்றிக் கொண்டுவந்தேன். அதைத் தள்ளாடிய ஆடுகளுக்குப் புகட்டினார்கள். அவை இரண்டும் மறுநாள் எழுந்து நின்றன. படுத்துவிட்டவற்றில் ஒன்றுதான் மீண்டது. நான்கு போயின. அவற்றில் ஒன்று சினை ஆடு. இரண்டு வாரத்து ஆடுகள்.

வாரத்துக்குக் கொடுத்தவர் நல்ல மனிதர்தான், சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான். அயித்தை தன் சொந்தப் பெட்டை ஆடுகளில் இரண்டைப் பிடித்து அவர் வீட்டு வாசலில் கட்டிவிட்டு வந்தார். அந்தத் தீபாவளிக்கு ஓடு மாற்றவில்லை. அடுத்த ஆண்டும் மாற்றவில்லை.

கல்லூரிக்குத் திரும்பிய பிறகு, அடுத்த பருவத்தில் தீவனவியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பெரிய பையை வரைந்தார். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை. மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதிலிருக்கும் நீரில் ஒரு மில்லி லிட்டரில் மட்டும் ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள் என்றார். ஆடு தின்னும் இலையை ஆடு செரிப்பதில்லை, அவைதான் செரிக்கின்றன. நாம் ஆட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம், உண்மையில் அவற்றுக்குத்தான் போடுகிறோம். குழைக்கும் புல்லுக்கும் பழகிய கூட்டத்தின்மேல் திடீரென்று மாவுச்சத்தைக் கொட்டினால், மாவைப் புளிக்கவைக்கும் வேறு கூட்டம் சில மணி நேரத்தில் பெருகிவிடும். அது லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். 6க்கும் 7க்கும் இடையில் இருக்கவேண்டிய அமிலகாரநிலை 5க்கும் கீழே போகும். பழைய கூட்டம் செத்துப்போகும், வயிற்றின் அசைவு நின்றுபோகும். அமிலத்தை நீர்க்கவைக்க உடம்பின் நீரெல்லாம் இரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும். அதனால்தான் கண் உள்ளே போகிறது, வயிறு தளும்புகிறது. கறிக்கடையிலிருந்து நான் கொண்டுவந்த வாளியில் இருந்தது செத்துப்போன கூட்டத்துக்கு மாற்றான புதுக் கூட்டம். புதுத் தீனிக்குப் பழக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று கடைசியாக ஒரு வரி சொன்னார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. அயித்தை சொன்ன 'நிறுத்தத் தெரியாது' என்பதற்கும் 'ஆடு அசை போடல' என்பதற்கும் நடுவில் இருந்த முழுப் பாடமும் அந்தப் பலகையில் இருந்தது.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது அயித்தையிடம் கேட்டேன். "ஏன் அயித்தை நெல்லுன்னு சொன்னீங்க?"

அவர் குட்டிகளைக் கொடாப்புக்குள் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நீதான் போட்டேன்னு சொன்னா, நாளைக்கு இந்த ஊர்ல எவன் உன்னைய மாட்டுக்குக் கூப்புடுவான்?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. போய்ச் சாப்பிடு என்றார்.

2001இல் படிப்பை முடித்தேன். கால்நடை உதவி மருத்துவராகப் பல ஊர்களில் வேலை பார்த்தேன். முதல் சில மாதங்களிலேயே ஒன்றைக் கண்டுகொண்டேன்: ஆடுமாடு வைத்திருப்பவர்கள் எங்களிடம் பொய் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் நிற்கிறார், கணவர் நிற்கிறார், மருமகள் நிற்கிறாள், யாரோ ஒருவர்மேல் பழி விழும். அல்லது டாக்டர் திட்டுவார் என்ற பயம். 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கி ஒரு குடும்பத்துக்கு நான்கு என்று கொடுத்தபோது, அதுவரை ஆடே வளர்க்காத பெண்கள் பலர் ஆட்டுக்காரிகள் ஆனார்கள். பிள்ளையைப் போலப் பார்த்தார்கள். பிள்ளைக்குப் போடுவதையே போட்டார்கள். சோறு, இட்லி மாவு, கல்யாண வீட்டு மிச்சம். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மிஞ்சும் சோற்றுக்கு அளவு சொல்லவேண்டியதில்லை. மறுநாள் ஆடு படுத்தால், "ஒண்ணும் குடுக்கல சார், வழக்கம்போலதான்" என்பார்கள். சாணியில் பருக்கை கிடக்கும்.

இளம் மருத்துவர்களுக்கு அந்த நேரத்தில் கோபம் வரும். எனக்கு வராது. அந்த இடத்தில் நான் என் அயித்தையைப் பார்க்கிறேன்; இரண்டடி தள்ளி நிற்கும் பையனையும் தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பான். அவனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கூடவே போய், "எவ்வளவு தின்னுச்சுன்னு தெரிஞ்சா ஆட்டைப் பொழைக்க வெச்சிடலாம் தம்பி, யாரு போட்டான்னு எனக்கு வேண்டாம்" என்பேன். சொல்லிவிடுவான். என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித்தருகிறேன். எலும்பின் பெயரும் மருந்தின் அளவும் புத்தகத்தில் கிடைக்கும். ஆட்டுக்காரியிடம் எப்படிக் கேட்பது, அவர் ராத்திரியில் எழுப்பினால் எப்படி எழுந்து போவது என்பதற்குப் பல்கலைக்கழகம் தனி வகுப்பே வைக்கலாம். வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மருந்தகத்து மருத்துவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஓய்வுபெற்று வேறு ஊர் போய்விட்டார். நான் விசாரித்துக்கொண்டு போவதற்குள் காலமாகிவிட்டார். அயித்தையும் இப்போது இல்லை. இனி யாருக்கும் நான் மறைக்கவேண்டியது இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்: மூட்டையை அவிழ்த்தது ஆடு இல்லை, நான்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் மருந்தகங்களில் கூட்டம் அதிகம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொங்கலையும் சோற்றையும் வயிறு முட்ட ஊட்டிவிட்டு அன்று இரவே ஓடிவருவார்கள். பூசைக்கு ஒரு பிடி ஊட்டுங்கள், போதும். தப்பித்தவறி அதிகம் தின்றுவிட்டால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இருக்கிற தீனியை அகற்றிவிட்டு உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தூரம் என்றால் 1962க்கு அழையுங்கள், வண்டி வரும். வருகிறவரிடம் என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். யார் போட்டது என்று நாங்கள் கேட்கமாட்டோம்.